பாடம் நடத்தாத கணக்கு வகுப்பு: வைலேயில இருந்து ஓகூஸுக்கு

போன வருசம் யூனிவர்சிட்டியை விட்டனான். விரிவுரை மண்டபத்தில பலகையைப் பாத்து எழுதினன், ஒண்டும் விளங்கேல்லை, விட்டன். அவ்வளவுதான். திரும்பச் சேருறதோ இல்லையோ எண்டு இந்தக் கிழமை முடிவெடுக்கவேணும். இஞ்ச டென்மார்க்கில, ஓகூஸ் யூனிவர்சிட்டியில படிக்கிற மச்சாள் தர்ஷி, "எங்கட கணக்கு வகுப்பில பாடமே நடத்த மாட்டினம், வந்து பார்" எண்டாள். அதுதான் செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டன்.

வைலேயில காலமை 7.40 ரெயின். எழுபது கிலோமீற்றர் போல, முக்கால் மணித்தியாலம். ஃபியோர்டு எண்ட கடற்கழிக்கு மேல மூடுபனி. தண்ணி எது, வானம் எது எண்டு தெரியேல்லை. பாடத்தை முதலே வீடியோவில பாத்திட்டு, வகுப்பில கணக்குச் செய்யிறதுதான் இந்த முறை. நான் ரெயினில பாத்தன், இரட்டை வேகத்தில. திரையில ஒரு தளம் இழுபட, அம்புகள் எல்லாம் திரும்பிச்சுது. ஒண்டு மட்டும் திரும்பாமல் நீண்டுகொண்டே போச்சு. வெளியில வயலும் காற்றாலைகளும் அதோட சேந்து நீள, கண் சொக்கிப்போச்சு.

ஸ்ரேசனில இருந்து பஸ் எடுங்கோ, நடந்தா மேடு. வாசலில தர்ஷி நிண்டாள்.

"வீடியோ பாத்தனியோ?"

"பாத்தனான், பாத்தனான்."

"மூஞ்சியைப் பாத்தா நித்திரை கொண்ட மாதிரிக் கிடக்கு."

வகுப்பில மேடை இல்லை. நாலு பேருக்கு ஒரு வெள்ளைப்பலகை. ஆசிரியை கிர்ஸ்டன் மேசை மேசையாத் திரியிறா. கேள்வி கேட்டா, திருப்பிக் கேள்விதான் கேக்கிறா. எங்கட மேசையில இருந்த யோனஸ், "உனக்கு விளங்கிச்சோ?" எண்டு டெனிஷில கேட்டான். எங்கட வீடுகளில ஆர் கேட்டாலும் "ஓம் ஓம்" தானே? வாய் தானாச் சொல்லீட்டுது: "யா யா."

அங்க ஒரு பழக்கம். விளங்கிச்சு எண்டு சொல்லுற ஆள்தான் மற்றாக்களுக்கு விளங்கப்படுத்தவேணும். யோனஸ் பேனையை நீட்டினான்.

"போங்கோ, புரொபெசர்," எண்டு தர்ஷி சிரிக்கிறாள்.

ஒரு அம்பு கீறினன். அங்கால கை ஓடேல்லை. ஒருத்தரும் அவசரப்படுத்தேல்லை, ஒளிக்கப் பின்வரிசையும் இல்லை.

"எனக்கு விளங்கேல்லை," எண்டன். போன வருசம் முழுக்க இதை ஒருநாளும் சொல்லேல்லை.

"எந்த இடத்தில இருந்து?" எண்டா கிர்ஸ்டன்.

"ஏன் ஒரு அம்பு மட்டும் திரும்பேல்லை?"

யோனஸ் தலையைச் சொறிஞ்சான். "அது எனக்கும் தெரியாது."

பிறகு நாலு பேரும் கணக்கில தந்த தாயத்தால, அதான் மற்றிக்ஸால, அம்பு அம்பாப் பெருக்கிக் கீறினம். ரெண்டு அம்பு சரிஞ்சுது. (1,1) எண்ட அம்பு மட்டும் (3,3) ஆகி, திரும்பாமல் அதே கோட்டில போய்க் கிடந்துது. கனநேரம் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

போற ஆக்களுக்கு: வரலாமோ எண்டு ஆசிரியருக்கு முதலே எழுதிக் கேளுங்கோ. வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாருங்கோ, கொப்பியோட. ரெயின் ரிக்கற் முன்கூட்டி எடுத்தா மலிவு. இந்த வகுப்பு லேசு எண்டு நினைக்காதேங்கோ, வீட்டு வேலை கனக்க.

ஸ்ரேசனில நிண்டு அம்மாவுக்குப் போன் அடிச்சன். "சேரப்போறன்."

"இந்த முறை பாஸ் பண்ணுவியோ?"

"தெரியாதம்மா."

"சரி, சாப்பாட்டுக்கு வந்திடுவியோ?" எண்டா.