ஐந்து மணி ஜீப்பும் என் தவறான அறிக்கையும்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் போடி பஸ் ஏறினேன். மடியில் நாற்பது பக்க அறிக்கை ஒன்று. வழவழப்பான அட்டை, உள்ளே முதல் பக்கத்தில் என் பெயர். போடிநாயக்கனூரை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் அரசு சுகாதார நிலையத்துக்காக எங்கள் ஆய்வு நிறுவனம் செய்து கொடுத்தது. ரத்த அழுத்த மாத்திரைக்குப் பெயர் பதிந்த பெண்கள் ஏன் மாதாமாதம் வந்து வாங்குவதில்லை? இதுதான் அவர்கள் கேட்டது. 'விழிப்புணர்வு இல்லை' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அதை நம்பி அவர்கள் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராதவர்களின் பெயரை வருகிற வெள்ளிக்கிழமை பட்டியலிலிருந்து அடித்துவிடுவது, அந்த மாத்திரைகளை வேறு ஊருக்கு அனுப்புவது, இந்தப் பெண்களுக்கு ஒரு விழிப்புணர்வு நாடகம் போடுவது. அங்கிருக்கும் செவிலியர் போன வாரம் போனில் அந்தப் பட்டியலை வாசித்தார். முதல் பெயர் பஞ்சவர்ணம். அவளிடம் பேசியதாக எனக்கு நினைவே இல்லை, உறுத்தியது. பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். பேட்டி எடுத்த நேரம் எல்லாவற்றிலும் பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு. 'பதில் சொன்னவர்' என்ற கட்டத்தில் கணவர், கொழுந்தன், நாத்தனார். பெயர் பதிந்த பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. இதை வைத்துக்கொண்டா நாற்பது பக்கம் எழுதினோம் என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். "ரிப்போர்ட் கொடுத்தாச்சு, விடுங்க" என்றார். ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி. தேனியிலிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர். பஸ்சை விட்டு இறங்கும்போதே மூன்று பக்கமும் மலை எழுந்து நிற்கிறது. கடைத்தெருவில் நடந்தால் ஏலக்காய் வாசனை துணியில் ஒட்டிக்கொள்ளும். டீ பன்னிரண்டு ரூபாய், அதில் ஏலக்காய் இல்லை. லாட்ஜ் ஒரு நாளைக்கு அறுநூறு.

பதினொரு மணிக்குப் பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் வாசலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"அவ மலைக்குப் போயிட்டா டீச்சர். என்னயத்தான போன தடவையும் கேட்டீக? அதையே திரும்ப எழுதிக்கங்க."

கையில் பேப்பரும் பேனாவும் வைத்திருப்பவர்களை இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பஞ்சவர்ணத்தை எப்போது பார்க்கலாம் என்று கேட்டேன்.

"காலையில அஞ்சு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போங்க. அதை விட்டா ஞாயித்துக்கிழமைதான்."

ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையம் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை. ஆளே நேரில் வந்து அழுத்தம் பார்த்தால்தான் மாத்திரை. வீடு தேடி மருந்து கொண்டுவரும் பணியாளரும் பகலில்தான் வருகிறார். பூட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார், இல்லையென்றால் பீடியைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

செவ்வாய்க்கிழமை, காலை நாலே முக்கால். ஸ்டாண்டில் ஜீப்புகள் இன்னும் வந்து சேரவில்லை. தெருவிளக்கின் கீழே பிளாஸ்டிக் வாளிகள் வரிசையாக இருந்தன, மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் வாளிகள். ஒரு வாளி என்றால் ஜீப்பில் ஒரு இடம். வாளிக்காரிகள் தள்ளி நின்று கொண்டை போட்டுக்கொண்டும் வெற்றிலை மென்றுகொண்டும் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி வேறு நாலைந்து பெண்கள் வாளியைக் கீழே வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யார் என்று முதலில் வந்து நின்ற ஜீப்பின் டிரைவர் ரபீக்கைக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், போடிக்காரர், முப்பது வருடமாக இதே பாதையில் ஜீப் ஓட்டுகிறார்.

"அவுகளுக்குச் சீட்டு இல்ல டீச்சர். இன்னிக்கு எவளாச்சும் வரலைன்னா அந்த எடத்துல ஏறிக்கிருவாக."

"மறுநாள் பழைய ஆள் வந்தால்?"

"வந்தா என்ன செய்ய? ஏறுனவளுக்குத்தான் சீட்டு. இந்த எடுப்பு முடியிற வரைக்கும் அவதான். அதான வழக்கம்."

ஓர் எடுப்பு என்பது தோட்டம் முழுவதும் ஒருமுறை காய் பறித்து முடிக்கும் காலம். ஒரு மாதத்துக்கு மேலேயே போகும். ஒரு நாள் மாத்திரை வாங்கப் போனால் ஒரு மாதத்துக்கு வேலை இல்லை. என் படிவத்தில் 'ஏன் வரவில்லை' என்ற கேள்விக்கு ஏழு விடைகள் அச்சடித்து வைத்திருந்தேன். ஜீப் என்ற வார்த்தையே அதில் கிடையாது. மதுரையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அந்த ஏழையும் யோசித்தவள் நான்தான்.

யாருடைய சீட்டுக்கும் கேடில்லாமல், கியர் கம்பியை ஒட்டி ஒரு சாண் இடத்தில் என்னை ஒடுக்கிக்கொண்டேன். ஐந்தரைக்கு ஜீப் கிளம்பியது. பின்னால் பதினாறு பேர். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவுக்கு மேலே காற்று குளிர்ந்தது. கீழே போடி ஊர் ஓட்டுக் கூரையும் தென்னந்தோப்புமாகச் சிறுத்துக்கொண்டே போயிற்று. பின்னால் இருந்தவர்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேரள எல்லை தாண்டி இன்னும் எட்டு கிலோமீட்டர் போய்த் தோட்டத்தில் இறக்கினார்கள்.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டி, தரையில் படர்ந்த சரத்தில் காய்க்கிறது. அதனால் நாள் முழுக்கக் குத்தவைத்துக் குனிந்துதான் பறிக்க வேண்டும். ஈரம், அட்டை, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள். அதே ஜீப்பில் வந்திருந்த பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். ஒரு தூரை முடித்து எழுந்து நிற்கும்போதெல்லாம் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள்.

"என்ன செய்யுது?"

"கிறுகிறுன்னு வருது. செத்த நின்னா சரியாப் போகும்."

"மாத்திரை நிறுத்தினால் என்ன ஆகும்னு தெரியுமா?" கேட்டேன். விழிப்புணர்வைச் சோதிக்கிறேனாம்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க அக்கா வாய் கோணிப் படுத்துக் கெடக்கா, ரெண்டு வருசமா. குளிப்பாட்டுறது நானு. எனக்கு என்ன ஆகும்னு என்னயவே கேக்குறீகளாக்கும்? நாலு மணிக்கு ஆசுபத்திரிய மூடுறீக. சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் எங்கள எறக்கி விடுறாக. எப்ப வர? நீங்களே சொல்லுங்க."

தலையைக் குனிந்து காய் பறிப்பதுபோல் பாவனை செய்தேன். முற்றாத காயைப் பறித்து அதற்கும் திட்டு வாங்கினேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரைப் பார்த்தேன். நல்ல மனிதர், களைத்த மனிதர். வாசலில் அறுபது பேர் காத்திருந்தார்கள். பட்டியலை அடிக்கக் கூடாது, ஐந்து மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் அரை மணி நேரம் அந்தப் பெண்கள் சும்மா நிற்கிறார்கள், அங்கே போய் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுங்கள் என்றேன்.

"மேடம், மேல இருந்து கேட்டா நான் உங்க ரிப்போர்ட்டைத்தான காட்டணும்? அதுல விழிப்புணர்வு இல்லைன்னு இருக்கு."

"அந்த ரிப்போர்ட் தப்பு."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

அவர் அப்படிக் கேட்டது என்னைத் துரத்தத்தான் என்று நினைக்கிறேன். அவர் மேசையிலிருந்தே ஒரு தாளை இழுத்தேன். வீட்டில் இல்லாதவர்களைப் பற்றி வீட்டில் இருந்தவர்களைக் கேட்டு எழுதிய அறிக்கை இது, இதைக் கொண்டு யார் பெயரையும் நீக்கக் கூடாது, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிறுவனத்தில் மூன்று வருடம் உழைத்து வாங்கிய நல்ல பெயர். போனால் போகிறது என்றிருந்தது. டாக்டர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு மாசம். சோதனையாத்தான். நர்ஸ் ஒத்துக்கிட்டா."

செவிலியர் கதவோரம்தான் நின்றிருந்தார். "நாலரைக்கு என்னய வந்து எழுப்பி விட்ருங்க, போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை, பெயர்களை அடிப்பதாக இருந்த நாள். ஐந்து மணிக்கு ஸ்டாண்டில் ஒரு ஸ்டூல், அழுத்தம் பார்க்கும் கருவி, மாத்திரைப் பெட்டி. ஆறு பேருக்குப் பார்த்து முடிந்தது. ஏழாவது பஞ்சவர்ணம். செவிலியர் ஒரு முறை பார்த்தார், மறு கையில் இன்னொரு முறை பார்த்தார்.

"இன்னிக்கு நீ மலைக்குப் போகக் கூடாது. என்கூட வா, டாக்டர் பாக்கணும். இப்பவே."

"மாத்திரையக் கொடுங்க, போட்டுட்டுப் போறேன்."

"வழியில விழுந்துருவ ஆத்தா."

பஞ்சவர்ணம் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். என் பக்கம் திரும்பி, "பாத்தீகளா? மாத்திரை கொடுக்கிறேன்னு வந்து சோலிய முடிச்சுட்டீகளே" என்றாள். அது உண்மைதான். நேரத்தை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன், சீட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. இடுப்பில் வாளியோடு நின்றவர்களில் ஒருத்தி, லட்சுமி என்று பெயர், இரண்டு மாதமாகச் சீட்டில்லாதவள், ஏற்கெனவே ஜீப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஏறுவதற்கு முன் நின்றாள். பஞ்சவர்ணத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் ஏறுறேன். நாளைக்கு அவ வந்தா எறங்கிருவேன்."

ரபீக் தலையைச் சொறிந்தார். "அப்பிடி வழக்கம் கெடையாதேம்மா. எஸ்டேட்டுல கேப்பாகளே."

"ஆளு கொறையலைல்ல? பெறகு என்னத்தக் கேக்க?" பின்சீட்டிலிருந்து ஒரு குரல். அடுத்து இன்னொன்று: "நாளைக்கு எனக்குத் தல சுத்தும் அண்ணே, எஞ் சீட்டையும் புடுங்குவீகளா?" ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி ஸ்டூலைச் சுற்றி நின்றார்கள். மணி ஐந்தரை ஆகிவிட்டது. மற்ற ஜீப்புகள் கிளம்பிப் போயின. இந்த ஜீப் மட்டும் காலியாக உறுமிக்கொண்டு நின்றது.

"அண்ணே, வழக்கம் இல்லைன்னீகல்ல?" என்றாள் லட்சுமி. "இன்னியிலேருந்து வழக்கம்."

ரபீக் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, வெரசா ஏறுங்க. எஸ்டேட்டுல நான் சொல்லிக்கிறேன்."

பஞ்சவர்ணம் ஆட்டோவில் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுக லட்சுமிக்கு எந்தத் தூரில் காய் முற்றியிருக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தாள். போனதும் செவிலியர் அவளைப் படுக்க வைத்துக் கவனித்தார், பத்து மணிக்கு டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரை மாற்றினார். நாளை போகலாம், ஆனால் செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். பட்டியலில் ஒரு பெயரும் அடிபடவில்லை.

மதியம் ஒரு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மதுரையில் எனக்குக் காய்ச்சல் வந்தால் போனில் ஒரு வரி தட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வேன். என் நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். இத்தனை வருடம் அதைப் பெரிய விஷயமாகவே நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

ஆண்டிபட்டி தாண்டும்போது இயக்குநர் கூப்பிட்டார். டாக்டரிடம் நான் எழுதிக் கொடுத்த கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நிறுவனத்தின் மானத்தை வாங்கிவிட்டதாகச் சொன்னார். இனி போடிப் பக்கம் போக எனக்குப் பயணப்படி கிடையாது என்றார்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லியிருக்கிறேன். பஸ் கட்டணம் எழுபத்தெட்டு ரூபாய். அது என்னிடம் இருக்கிறது சார், என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.