பெட்டிக்குள் விழுந்த ஆட்சேபணை

தையலம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கும் துணிக்கிடங்குக்கும் நடுவே இருக்கிற தையலறை முப்பத்தொரு வருஷமாக அவள் ராஜ்யம். கிழிந்த படுக்கை விரிப்பு, பித்தான் போன நோயாளிச் சட்டை, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். இரண்டு மெஷின், ஒன்று ஓடும், இன்னொன்று அவள் திட்டினால் ஓடும். தனியாக உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தைப்பாள். "சரி, தலையணை உறையை முதல்ல முடிப்போம். அப்புறம் பச்சைத் துணியைப் பார்ப்போம்." துணி வாங்க வரும் நர்ஸ் எட்டிப் பார்த்து, "யாரும்மா உள்ள?" என்பாள். "நானும் என் தலையெழுத்தும்" என்பாள் இவள்.

தலையெழுத்து என்று அவள் சொன்னதில் பாதி அவள் புருஷன். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்து மட்டும்தான்; கை இன்னும் ஓயவில்லை. எதை எழுதினாலும் மேல் மூலையில் மணி, நிமிஷம் போட்டுத்தான் ஆரம்பிப்பார். பால் வாங்கச் சொல்லி எழுதிவைக்கிற சீட்டுக்குக்கூட நேரம் உண்டு. அந்த மனுஷனுக்கு வேதத்தில் ஒரே ஒரு இடம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. முதல் அதிகாரத்தில், மனுஷனைப் படைக்கப்போகும் நேரத்தில், ஒரே கடவுள் ஏன் 'உண்டாக்குவோமாக' என்று பன்மையில் பேசுகிறார்? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் கலந்து பேசியதுதான் அது என்பது டைம்கீப்பர் கட்சி. இதை யாராவது இல்லையென்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இல்லையென்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். போயும் போயும் அவர்தான் சம்பந்தியாக வந்து வாய்த்தார். இவர்கள் ஜெபத்துக்குப் போகிற அதே சபையைச் சேர்ந்தவர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எல்லாருக்கும் கண்ணாடிக்காரர். மூவர் என்பதில் அவருக்கும் சந்தேகம் கிடையாது; ஆனால் இந்த இடத்தில் கடவுள் பேசியது சுற்றி நின்ற தேவதூதர்களிடம் என்பார். "ராஜா சபையில சொல்லிட்டுத்தானே காரியத்தைச் செய்வார்? அடுத்த வரியைப் பாருங்க, செஞ்சது அவர் ஒருத்தர்தான்னு இருக்கு." பெண் பார்க்க வந்த அன்றைக்கே இரண்டு பேரும் இதில் இறங்கிவிட்டார்கள். காபி ஆறி, மறுபடி சுட வைத்து, அதுவும் ஆறிப் போனது. மாப்பிள்ளை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற சாது. கணக்கு டீச்சரான பெண்ணும் அவனும் இந்த இரைச்சலுக்கு நடுவில் பால்கனியில் நின்று பேசி முடித்துவிட்டார்கள்.

தையலம்மாவுக்கு அந்தப் பன்மையும் வேண்டாம், ஒருமையும் வேண்டாம். கல்யாணம் நடந்தால் போதும். பெண்ணுக்கு முப்பத்துநாலு வயது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட மாடிப்படியில் அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலை ஐந்துக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று என்று மாத்திரை. ஆறு வருஷமாக வலிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் மாத்திரையை விடக்கூடாது. முதலில் வந்த வரனிடம் தையலம்மா மனசு திறந்து சொன்னாள், மறுநாளே ஓடிப்போனார்கள். இரண்டாவது வரனிடம் எந்தப் புண்ணியவானோ போய்ச் சொல்லிவிட்டான், அதுவும் போச்சு. அந்த இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு மகள் நாலு மாதம் கண்ணாடி முன்னால் நின்று தலைகூட வாரவில்லை. அதைப் பார்த்த தாய்க்குத்தான் தெரியும். "இந்தத் தடவை வாயைத் திறந்தே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மகள் மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

அவர்கள் சபையில் ஒரு முறை உண்டு. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுதி, பேர் போட்டு, உறையில் வைத்துப் போதகர் அறைக்கு வெளியே இருக்கிற பூட்டிய பெட்டியில் போடலாம். மூன்றாம் ஞாயிறு கழிந்த சனிக்கிழமை, நாலு மணிக்கு, இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துத்தான் பெட்டியைத் திறப்பார்கள். முப்பது வருஷமாக அந்தப் பெட்டியில் தூசியைத் தவிர ஒன்றும் விழுந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும், "தடை தெரிந்தவர்கள்" என்று போதகர் வாசிக்கும்போது தையலம்மா, தெரிந்தவள் நான்தானே, என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வாள்.

மூன்றாம் ஞாயிறு போதகருக்கு என்ன தோன்றியதோ, அந்தப் பன்மையையே பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு பேரையும் ஒரேயடியாகச் சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்திருப்பார், பாவம். ராஜாக்கள் மதிப்புக்காகத் தங்களைப் பன்மையில் சொல்லிக்கொள்வதுபோல இதுவும் இருக்கலாம் என்று ஒரு போடு போட்டார். டைம்கீப்பருக்கு முகம் சிவந்தது. மதியச் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுத உட்கார்ந்தவர், மறுநாள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தையலறைக்குப் போன் வந்தது. போதகர்தான்.

"அம்மா, பயப்படாதீங்க. பெட்டியில ஒரு உறை விழுந்திருக்குன்னு கோயில்பிள்ளை சொல்றார். நானே இன்னும் பார்க்கல. சனிக்கிழமை வந்துடுங்க."

கோயில்பிள்ளை என்பவர் மணியடித்து, கதவு திறந்து, பெருக்கி வைப்பவர். பொய் சொல்லத் தெரியாதவர். தையலம்மாவின் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக நழுவியது. போச்சு, மூன்றாவதும் போச்சு. மருந்துக்கடைக்காரனா, பழைய வரன் வீட்டாரா, பள்ளிக்கூடத்தில் யாராவதா என்று ஒவ்வொரு முகமாக நினைத்து நினைத்து, அன்றைக்கு ஒரு அங்கிக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

வீட்டில் டைம்கீப்பர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "எந்தப் பாவிடா அது? மூஞ்சியைக் காட்ட தைரியம் இல்லாம பெட்டியில போடறான்! கையெழுத்தை ஒரு தடவை பார்த்தேன்னா ஆளைச் சொல்லிடுவேன்!"

"உங்களுக்கென்னங்க, குதிக்கலாம். அவ முகத்தை நான்தானே பார்க்கணும்" என்றாள் அவள்.

"நீ கவலைப்படாதே. போதகர் நம்ம பக்கம்தான். என் கடிதத்தைப் படிச்சுட்டு மனுஷன் வாயடைச்சுப் போயிருக்கார், இன்னும் பதில் இல்லை பாரு." அந்தக் கவலையிலும் அவருக்கு அதில் ஒரு பெருமை.

நாலு நாள் அவள் தூங்கியது அரைகுறை. மகளோ வழக்கம்போலப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்குக் கல்நெஞ்சா, இல்லை உள்ளுக்குள்ளேயே வைத்துக் குமைகிறாளா என்று தாய்க்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

சனிக்கிழமை போதகர் அறையில் ஒரு மேசை, ஏழு நாற்காலி, சுழலும்போது தலையாட்டுகிற ஒரு மின்விசிறி. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர், அவர் மனைவி, மாப்பிள்ளை. கோயில்பிள்ளை பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிவந்து வைத்தார். பூட்டு துருப்பிடித்துப்போய் லேசில் திறக்கவில்லை. நாலு சொட்டு எண்ணெய் விட்டு, தட்டி, திருகித் திறக்கும்வரை தையலம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே, என் பிள்ளையைத் தலைகுனிய வைக்காதேயும். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

போதகர் உறையை எடுத்தார். தடியான உறை. மேலே சிவப்பு மையில் பெரிதாக 'ஆட்சேபணை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. தையலம்மாவின் கண் மட்டும் உறையின் மேல் மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. காலை 5.52.

அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். டைம்கீப்பர் ஏற்கெனவே நாற்காலிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாவி நீங்கதானா?"

"நான் போதகர் அறைக் கதவுக்கு அடியிலதானே தள்ளிட்டு வந்தேன்..." என்றார் அவர், குரலே எழும்பாமல்.

கோயில்பிள்ளை நிமிர்ந்து நின்றார். "கீழே கிடந்தது. ஆட்சேபணைன்னு போட்டிருந்தது. ஆட்சேபணை வந்தா பெட்டியிலதான் போடணும்னு முறை. நான் முறைப்படி போட்டேன்."

போதகர் பிரித்தார். பதினோரு பக்கம். ராஜாக்கள் தங்களைப் பன்மையில் சொல்லிக்கொண்டதாகப் போதகர் பிரசங்கித்தது தவறு. வேதத்தில் வரும் ராஜாக்கள் தங்களை ஒருமையில்தான் சொல்லிக்கொள்கிறார்கள். பார்வோனைப் பாருங்கள், நேபுகாத்நேச்சாரைப் பாருங்கள் என்று பட்டியல் போட்டு அடித்திருந்தார். கல்யாணத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போதகர் மூன்றாம் பக்கம் வரை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தான். கோயில்பிள்ளைகூடச் சிரித்தார், முறைப்படிதான். தையலம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

"சம்பந்தி, அவசரப்பட்டுட்டீங்களே" என்றார் கண்ணாடிக்காரர், உறையை எட்டி வாங்கிக்கொண்டே. "வேதத்திலேயே எருசலேமைப் பத்தி ஒரு பாரசீக ராஜா பதில் கடிதம் எழுதறானே, அவன் 'நமக்கு'ன்னுதானே எழுதறான்?"

"அது அந்நிய ராஜா! அதைக் கணக்கில சேர்க்க முடியாது!" டைம்கீப்பருக்கு உயிர் வந்துவிட்டது; தன் பட்டியலில் இருந்த பார்வோனும் அந்நிய ராஜாதான் என்பது மறந்துவிட்டது.

கண்டம் தப்பியது. இனி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அடுத்த வாரம் கல்யாணம். அது தையலம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாலு நாள் அந்த உறைக்குப் பயந்து செத்தவள் அவள். இன்னும் முப்பது வருஷம் ஒவ்வொரு போனுக்கும், ஒவ்வொரு உறைக்கும் இப்படிச் சாவதா? அவள் சம்பந்தியம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். என் பொண்ணுக்கு வலிப்பு உண்டு. சின்ன வயசிலேர்ந்து மாத்திரை சாப்பிடறா. இப்ப ஆறு வருஷமா வரல. சொன்னா போயிடுவீங்கன்னு சொல்லல. தப்பு என்னோடது, அவளோடது இல்ல."

சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்மா. ரெண்டாவது தடவை எங்க வீட்டுக்கு வந்தப்பவே அவ உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டா. எந்த டாக்டர், என்ன மருந்து, வந்தா எப்படிப் படுக்க வைக்கணும், எல்லாம். நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பார்த்துட்டு இருந்தேன். எங்களை நம்பலையோன்னு கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

தையலம்மா மகளைப் பார்த்தாள். "அடிப்பாவி! நான் சொல்லக்கூடாதுன்னு சொன்னேனே!"

"சொன்னே. அதனாலதான் உங்கிட்ட சொல்லல" என்றாள் மகள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "நீ பயப்பட்டுட்டே இருந்தேம்மா. அந்தப் பயத்தை எடுத்துக்கிட்டு நான் இன்னொரு வீட்டுக்குப் போக முடியாது."

இத்தனை வருஷம் இந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அதை நினைத்துத் தையலம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. உடம்பில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்ட மாதிரி தோள் இரண்டும் லேசாகிவிட்டன.

"மணி அஞ்சாச்சே, போட்டுக்கலையா?" என்று சம்பந்தியம்மா மகளிடம் கேட்டு, போதகரின் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். மகள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, மாத்திரையைப் பிதுக்கி, அத்தனை பேருக்கு நடுவில் வாயில் போட்டு விழுங்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் மாத்திரை போட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. தாய் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். பாரசீக ராஜாவைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்று மேசையின் அந்தப் பக்கம் சண்டை உச்சத்தில் இருந்தது. யாரும் பேச்சை நிறுத்தவில்லை.