ஆன்றோவின் அரை நொடி

ஆன்றோ அண்ணனின் அக்கா மெற்றில்டாவின் அழைப்பு வந்தபோது அலுவலகத்தில் மின்வெட்டு. யூபிஎஸ் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது காதில் விழவில்லை. மாடிப்படிக்கு வந்து மறுபடியும் கேட்டேன். "தம்பி போயிட்டான் மக்கா. கஞ்சி கொண்டுபோனேன். கண்ணு தொறந்துதான் இருந்து," என்றார். "சரிக்கா" என்றேன். உள்ளே போய் மற்றவர்களிடம் சொன்னேன். சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. யாரும் கணினியைத் தொடவில்லை.

சகாய ஆன்றோவுக்கு முப்பத்து நான்கு வயது. நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் ஆறு பேராக நாங்கள் நடத்திவந்த இணைய விமானச் சண்டை விளையாட்டில், விமானங்கள் எப்படிப் பறக்க வேண்டும் என்று வகுத்தவர் அவர்தான். எங்கள் விளையாட்டுத் தளத்தில் இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்த விளையாட்டில் அவரைச் சுட முயன்று தோற்றவர்கள். முகம் பார்த்தவர்கள் குறைவு. நான் நான்கு ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசையில் இருந்தேன்.

அவரை நினைத்தால் முதலில் 'நிப்பு' நினைவுக்கு வரும். அலுவலகத்தில் அந்த வித்தைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. எதிரி பின்னால் துரத்தி வரும்போது இஞ்சினை அணைத்து மூக்கைச் சட்டென்று மேலே தூக்கவேண்டும். விமானம் ஒரு கணம் காற்றில் அப்படியே நிற்கும். துரத்தி வந்தவன் அடியில் முந்திப் போய்விடுவான். அந்தக் கணத்துக்குள் மூக்கைத் தாழ்த்தி இஞ்சினைத் திறந்தால் இப்போது அவன் முன்னால், நாம் பின்னால். பிந்தினால் கல்போல விழவேண்டியதுதான். திறப்பதற்கு அவர் விட்டிருந்த இடைவெளி அரை நொடி.

அலுவலகத்தில் அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று இருந்தது. எந்த வித்தைக்கும் வகுத்திருக்கும் நேரம், வேகம் போன்ற எண்ணை மாற்ற விரும்புகிறவர், அந்த வித்தை நன்றாகத் தெரிந்தவரிடம் முதலில் எல்லோர் முன்னாலும் பத்து முறை சுடப்பட்டு விழவேண்டும். பிறகு அதே வித்தையைத் தானும் மூன்று முறை செய்துகாட்ட வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில், நிப்பு அநியாயம் என்று நான் சொன்னேன். பத்து முறை விழுந்தேன். "கோவம் வருதாட்டி?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அந்தக் கோவத்தோட நம்பரத் தொடாத. போய் சாயா குடிச்சிட்டு வா. தோக்கவனுக்கு ஏன் தோத்தோம்னு வெளங்கணும், கேட்டியா? வெளங்கினா நாளைக்கும் வருவான்." திரும்பி வந்தபோது எனக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை.

ஆனால் புதிதாக விளையாட வந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. பழைய விமானிகள் எதற்கெடுத்தாலும் நிப்பு செய்தார்கள். புதியவர்கள் இரண்டு நாள் விழுந்துவிட்டு வராமல் போனார்கள். நிறுவனத்தை நடத்திய ராஜன் சார் தினமும் என் மேசைக்கு வந்தார். "பழைய ஆளுவ பத்து பேர வச்சு கம்பெனி நடத்த முடியுமா? அத எடுத்துரு, இல்லேன்னா கொறச்சிரு." அப்போது ஆன்றோ அண்ணன் இரண்டு வார விடுப்பில் இருந்தார். கழுத்து வலி, திருவனந்தபுரத்தில் வைத்தியம் என்று சொல்லியிருந்தார்.

நான் அரை நொடியைக் கால் நொடியாக்கினேன். எடுத்துவிடுவதைவிட இது நியாயம் என்று நினைத்தேன். வித்தை இருக்கும், கை தேர்ந்தவனுக்கு மட்டும் கிடைக்கும். யாரிடமும் தோற்றுப் பார்க்கவில்லை, அவர்தான் ஊரில் இல்லையே. என் விரலால் முயன்று பார்த்தேன், வந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

அவர் திரும்பி வந்த அன்று, எண் மாறியிருப்பதைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஆருட்ட தோத்தே?" என்பதுதான். "நீங்க இல்லல்லாண்ணே" என்றேன். அவர் உட்கார்ந்து நிப்பு செய்தார். விமானம் விழுந்தது. மறுபடியும் செய்தார், மறுபடியும் விழுந்தது. அறையில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த வித்தையை உண்டாக்கியவர் தொடர்ந்து பதினோரு முறை கடலில் விழுந்தார். என் மாற்றம் தவறென்று காட்டுவதற்காக வேண்டுமென்றே விழுகிறார் என்று எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "நடிக்காதீங்கண்ணே."

அவர் விசைப்பலகையிலிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் எனக்குப் பக்கத்தில் வைத்தார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கும் சதை வற்றிக் குழிந்திருந்தது. "கழுத்து வலி இல்ல மக்கா," என்றார். "நரம்பு செத்துக்கிட்டு வருதாம். கையில தொடங்கியிருக்கு. மருந்து இல்லன்னுட்டாவ." பிறகு ராஜன் சாரைப் பார்த்து, "வேலைய விட்டுத் தூக்கிராதீயும், வாயி இன்னும் வேல செய்யுது," என்று சிரித்தார்.

அன்று மாலையே எண்ணைப் பழையபடி ஆக்குகிறேன் என்றேன். கோபப்பட்டார். நான்கு ஆண்டுகளில் அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான். "ஒருத்தனுக்காக மாத்தினா அது வெளையாட்டு இல்லட்டி, தர்மம். தர்மம் பண்ணணும்னா கோயில் வாசல்ல போய்ப் பண்ணு." சில நாள் கழித்து வருகைக் கணக்கைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "நீ மாத்தினது சரிதான். புதுப் பயலுவ நிக்கானுவ." புதியவர்கள் விட்டுப் போகாமல் நின்றார்கள் என்பது உண்மை. வேகமான கைகள் ஒரு வாரத்தில் கால் நொடிக்குப் பழகிக்கொண்டன என்பதும் உண்மை. பழைய விமானிகள் சிலர் ஒரு வார்த்தைகூட எழுதாமல் விளையாட வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கைகள் எப்படி இருந்தன என்று நான் விசாரித்ததில்லை.

அடுத்த ஆண்டு அவரால் அலுவலகத்துக்கு வர இயலவில்லை. சனிக்கிழமைப் பகல்களில் மடிக்கணினியோடு அவர் ஊரான மணக்குடிக்குப் பேருந்து ஏறுவேன். அவர் தலையணைகளில் சாய்ந்து திரையைப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விமானத்தை ஓட்டுவேன். எதிரி நெருங்கியதும் மூக்கைத் தூக்குவேன். அவர் "இப்ப" என்பார், நான் இஞ்சினைத் திறப்பேன். அவர் வாயிலிருந்து சொல் புறப்பட்டு என் காதில் விழுந்து விரலுக்குப் போவதற்குள் கால் நொடி முடிந்துவிடும். நான் வகுத்த கால் நொடி அது. நாங்கள் விழுந்துகொண்டே இருந்தோம். மெற்றில்டா அக்கா மீன் ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்ப்பார். "ஏலே, ரெண்டுபேருமாச் சேந்து இன்னைக்கு எத்தன பிளேன கடல்ல போட்டிய? நம்ம வலையில ஒண்ணும் மாட்டலியே!"

"நான் மாத்திருதேண்ணே, ஒருத்தருக்கும் தெரியாது" என்று ஒருநாள் கெஞ்சினேன். "எனக்குத் தெரியும்லா," என்றார்.

பல சனிக்கிழமைகளுக்குப் பிறகு ஒரு பகலில் நிப்பு வந்தது. விமானம் நின்றது, துரத்தி வந்தவன் அடியில் போனான், நாங்கள் அவன் பின்னால் இருந்தோம். சுட மறந்து நான் அண்ணனைப் பார்த்தேன். "சுடுட்டி சவமே, என் மூஞ்சியையா பாக்க!" என்று கத்தினார். அதற்குள் அவன் தப்பிவிட்டான். எப்படி வந்தது என்று பேருந்தில் திரும்பும்போதுதான் விளங்கியது. அவர் 'இப்ப' என்று சொன்னது சரியான கணத்தில் இல்லை, அதற்கு முன்னால். என் தாமதம் எவ்வளவு என்று வாரக்கணக்கில் கவனித்து, அதையும் சேர்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அப்புறம் இரண்டு முறை வந்தது. பிறகு அவர் நாக்கு தடித்தது. 'இப்ப' என்பது 'ப' ஆனது, கடைசியில் வெறும் மூச்சானது. மூச்சுக்கு நான் பிந்தினேன். சென்ற மாதம் போனபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கணினியை மூடிவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த எண் இன்றும் நான் எழுதியபடியே இருக்கிறது. அவர் சரி என்றதை மாற்றும் உரிமை எனக்கில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய 'இப்ப' ஒன்றுதான். எதிரி நெருங்கும்போது அது இன்னும் காதில் விழுகிறது, வரவேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னாலேயே. நான் பிந்துவேன் என்று அவருக்குத் தெரியும்.