கோட் போடாத யோகண்ணையும் அவருடைய ஸ்போர்ட்ஸ்டரும்

யோகண்ணை இறந்த செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில்தான் அறிந்தேன். அதையும் முதலில் கடந்து போய்விட்டேன். படத்தில் இருந்தவர் கறுப்புக் கோட்டும் கழுத்தில் சிவப்பு ரையும் அணிந்திருந்தார். யோகண்ணை தன் கல்யாணத்துக்கே கோட் போடாதவர். பெயர் கண்ணில் பட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். ஸ்ரூடியோவில் ஒட்டிய கோட்டுக்கு மேலே, ஹெல்மெட் கழற்றிய தலைமயிர் அமுங்கியபடியே இருந்தது.

“ஹார்ட் அற்றாக், மாஸ்டர். வேலைக்குப் போகேக்கை ரயிலுக்கை. நான் அந்த மோட்டார் சைக்கிளாலை எண்டுதான் நினைச்சன்,” என்றார், ஊரில் படிப்பித்த என்னை எல்லோரையும் போல மாஸ்டர் என்றே அழைக்கும் கடைக்காரர். குரலில் சிறிது ஏமாற்றம் இருந்தது.

கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் உணவகத்தில் யோகண்ணை சமையல்காரர். 2009 மே மாதத்தில் வன்னியில் தம்பியை இழந்தார். அந்த ஆண்டே, எண்பதுகளில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். “சனம் செத்துக் கிடக்குது, இவருக்கு அமெரிக்கன் மோட்டார் சைக்கிள் கேக்குது” என்று ஊர்ச்சங்கத்தில் முதலில் சொன்னவரை எனக்குத் தெரியும். இறுதிச் சடங்கில் மிகப் பெரிய மலர்வளையம் அவருடையது.

அந்த வண்டியின் வரலாற்றை யோகண்ணை சொல்லித்தான் அறிந்தேன். இங்கிலாந்தின் பாரம் குறைந்த, வேகமான மோட்டார் சைக்கிள்கள் அமெரிக்காவில் அமோகமாக விற்பனையான காலத்தில், அவற்றுக்குப் போட்டியாக 1957இல் வந்தது ஸ்போர்ட்ஸ்டர். பந்தயங்களிலும் பெயர் எடுத்தது. ஆனாலும் பெரிய அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது எப்போதும் இளக்காரம்தான்.

“அவங்கடை ஆக்களே இதை மதிக்கிறேல்லை, மாஸ்டர். அதுதான் எனக்கும் இதுக்கும் ஒத்துப்போகுது.”

அதன் இஞ்சின் இடையில் ரப்பர் எதுவும் இல்லாமல் நேராகச் சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தது. அது நடுங்கினால் ஓட்டுபவரும் நடுங்கவேண்டும். பிற்கால வண்டிகளில் ரப்பர் வைத்து அந்த நடுக்கத்தைக் குறைத்தார்கள். அவற்றை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. “சும்மா இருந்தா தம்பி முன்னாலை வந்து நிக்கிறான். இது ஓடேக்கை ஒண்டையும் நினைக்க விடாது,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டு வாசலுக்கு வந்து என்னைப் பின்னால் ஏற்றிக்கொள்வார். பெற்றோல் தாங்கி கச்சான் கடலைக் கோது அளவுதான், நிரப்ப அடிக்கடி நிறுத்தவேண்டும். நிறுத்திய இடமெல்லாம் நான் என் அலுவலகக் கதையைத் தொடங்குவேன். என்னைவிடக் குறைவாகப் படித்த ஒருவன் எனக்கு மேலே வந்த கதை. ஒருநாள் அவர் தாங்கியை மூடிவிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், இதிலை ரெண்டு பேருக்குத்தான் இடம். அந்தாளை இஞ்சை இறக்கிப்போட்டு ஏறுங்கோ.”

நான் இறக்கவில்லை. இன்றுவரை இறக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு எழுதும்படி சங்கச் செயலாளர் கேட்டார். “மோட்டார் சைக்கிள் கதை மட்டும் வேண்டாம். குடும்பத்துக்கு மரியாதையில்லை.” அதை விட்டால் யோகண்ணையைப் பற்றி எழுத என்ன மிஞ்சும்? கண்ணாடியில் பார்த்த அந்தக் கோட்டுக்காரர்தான். எழுதுவதென்றால் அவருடைய மனைவி, அக்கா, சொன்னால் எழுதுவேன், இல்லாவிட்டால் எழுதமாட்டேன் என்று எபினேயில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அக்கா என்னை இருக்கச் சொல்லவில்லை.

“கோட்டு ஒட்டச் சொன்னது நானில்லை. என்னை ஆர் கேட்டவை? மோட்டார் சைக்கிளை எழுதுங்கோ, வடிவா எழுதுங்கோ. நான் ஞாயிறு ஞாயிறா ஜன்னலடியிலை நிண்டதையும் சேர்த்து எழுதுங்கோ. வீட்டிலை இருந்தாலும் அந்தாளின்ரை முகம் வேறை எங்கையோதான். என்னோடை இருந்து ஒரு கோப்பி ஆறுதலாக் குடிச்சதில்லை.”

எழுதிவிட்டேன், அக்கா. சங்கத்தார் இதை அச்சிடாவிட்டால் நானே படியெடுத்து வீடு வீடாகக் கொடுப்பேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதையும் சொல்லவேண்டும். தியெப் கடற்கரையில் ஒரு ஞாயிறு. வண்டியால் இறங்கிய பிறகும் அவருடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பாதிக் கோப்பி சிந்திவிட்டது. மிச்சத்தை மெதுவாக, கடலைப் பார்த்தபடி குடித்தார். “இப்ப மனசிலை ஒண்டுமில்லை, மாஸ்டர்,” என்றார். அந்த முகம் எங்கும் போகவில்லை, அங்கேயே இருந்தது. உங்களுக்குச் சேரவேண்டிய அந்த முகம், அக்கா, என்னிடம் இருக்கிறது.