கிளாண்டை இறுக்கியது நான்

படகின் கிளாண்டை இறுக்கிக் கெடுத்தவன் நான். கெட்டதும் பழியை மெக்கானிக் பாய் மேல் போட்டவனும் நான்தான். அவர் முகத்துக்கு நேராகவே பொய் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் அவர் பிழைப்பு அதனால் கெட்டது. எழுபத்தைந்து வயதில் இதை எழுத உட்காரும்போது, முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மீதிக் கதையில் சிரிக்க நிறைய இருக்கிறது. சிரிப்பின் நடுவே இதை நழுவ விட்டுவிடுவேனோ என்று பயம்.

அப்போது நான் வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் உண்டு. கடலூருக்குக் கல்யாணத்துக்குப் போனவன் துறைமுகத்துப் பக்கம் நடந்தபோது அந்தப் படகைப் பார்த்தேன். இருபதடி நீளம், தேக்குப் பலகை. தூரத்தில் நிற்கும் கப்பல்களுக்கு ஆள் ஏற்றிப் போய்க் கிழடாகிவிட்ட படகு. எஞ்சின் பின்னால் தொங்காமல் நடுவயிற்றில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. மூடியைத் திறந்தேன். எங்கள் ஊர்க் கிணற்று மேடுகளில் இறைக்கும் டீசல் எஞ்சினுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. வாங்கிவிட்டேன்.

“தண்ணிய பாக்கணும்னா கிணத்த எட்டிப் பாக்கறது. அதுக்கு எதுக்குங்க கப்பலு?” என்றாள் என் மனைவி.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் நடந்த காலம் அது. படகை ஏற்றிய லாரி எலவனாசூரைத் தாண்டியதும் நின்றது. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன் மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்து லாரியை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னாங்க இது?”

“படகுங்க.”

“டேய், ரோட்ட மறிப்பாங்கன்னு தெரிஞ்சிக்கினு படகோட வந்துகிறாரு பாருடா!”

மரமே குலுங்கும்படி சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் சொன்னார்: “எங்க புள்ளைங்களுக்குப் படிப்புல, வேலையில எடம் கேட்டு நாங்க ரோட்டுல குந்திக்கினு இருக்கோம். நீங்க படகு வுடப் போறீங்க. போங்க சார்.” பத்தாவதோடு நின்றுபோன என் மாணவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும்.

நான்கு நாள் அங்கேயே கிடந்தோம். அவர்கள் கொடுத்த புளிச்சோற்றைத்தான் நானும் டிரைவரும் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் முதல் படகு அவர்களுக்கு மேடையாகிவிட்டது. லாரி மேல் படகு, படகு மேல் பேச்சாளர். நல்ல உயரம். மறியல் முடிந்ததும் அவர்களே மரத்தை இழுத்துப் போட்டு வழிவிட்டார்கள்.

நான்கு நாள் வெயிலில் பலகைகள் காய்ந்து இடைவெளி விட்டிருந்தன. எங்கள் ஊர் மலையடிவாரத்து அணையில் இறக்கிய அரை மணி நேரத்தில் படகு விளிம்பு வரை மூழ்கியது. மெக்கானிக் பாய் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையில் அவருக்கு எஞ்சின் கடை. என் வயதுதான். சுற்று வட்டாரத்தில் அவர் கை படாத பம்புசெட் கிடையாது. “பயப்படாதீங்க சார். மரம் ஊறுனா தானா அடைச்சிக்கும்” என்றார். மூன்று நாளில் அடைத்துக்கொண்டது. எஞ்சினைக் கழற்றி, கழுவி, மாட்டி, ஒரு மாதம் உழைத்தார். அது முதன்முதலாக இருமிக்கொண்டு கிளம்பியபோது இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

கிளாண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எஞ்சினிலிருந்து ஒரு இரும்புத் தண்டு படகின் அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்த் தண்ணீருக்குள் விசிறியைச் சுற்றுகிறது. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் புகாமல் தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து, ஒரு மூடியைப் போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். அதுதான் கிளாண்டு. பம்புசெட்டிலும் உண்டு. மறியலால் கடைகளில் சரக்கு இல்லை, கிளாண்டு கயிறு கிடைக்கவில்லை. பாய் பருத்திக் கயிற்றை முறுக்கி, கிரீஸில் ஊறவைத்துத் திணித்தார்.

“சொட்டு சொட்டா தண்ணி வரும். வரட்டும். அந்தத் தண்ணிதான் அதுக்கு உசுரு. நின்னா வெந்துடும்” என்றார்.

படகைத் தொடர்ந்து ஓட்ட அனுமதி வேண்டும். அதற்கு அதிகாரி ஒருவர் படகில் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். பாய் காலையிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார். “நான் வர்ற வரிக்கும் எதையும் தொடாதீங்க சார்.”

அதிகாரி மனைவியோடும் மாமியாரோடும் வந்தார். அம்மாக்கள் இருவரும் பட்டுப்புடவை. படகின் அடியில் இரண்டு விரல் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்தால் ஓட்டைப் படகு என்று நினைப்பாரே என்று எனக்கு வெட்கம். ஸ்பேனரை எடுத்து, சொட்டுவது நிற்கும் வரை இறுக்கினேன். அறிவியல் ஆசிரியன் அல்லவா, எனக்குத் தெரியாததா!

கரியாலூர்ப் பக்கம் பெய்த மழையில் அணை நிறைந்திருந்தது. நடு நீர் வரை ராஜா போலப் போனோம். பிறகு சட்டி கருகிய வாசனை வந்தது. புகை வந்தது. எஞ்சினை நிறுத்தினேன். கருகிய கயிற்றின் வழியே தண்ணீர் கொட்டியது. மாமியார்தான் அசரவில்லை.

“மாப்ள, இட்லிய அந்தாண்ட வெச்சிட்டு தூக்குல மொண்டு ஊத்துங்க!”

அதிகாரி ஊற்றினார். மீன் பிடிக்கிறவர் ஒருவர் பரிசலில் வந்து கரைக்கு இழுத்துப் போனார். கரையில் ஒரு கூட்டமே நின்றது. தொழுகை முடிந்து வந்த பாயும் நின்றார்.

“இன்னாய்யா வேலை இது?” என்று அதிகாரி கத்தினார். அனுமதி போய்விடும், மானமும் போய்விடும். நான் சொன்னேன்: “கயிறு கிடைக்கலீங்க. மெக்கானிக்கு துணிய திரிச்சு அடைச்சிட்டாரு.”

பாய் என்னையே பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சொட்டிச்சா சார்?”

“சொட்டிச்சு” என்றேன்.

அவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெக்கானிக்கை மாற்றச் சொல்லிவிட்டு, அதிகாரி எனக்கு அனுமதி கொடுத்தார்.

பேச்சு ஊரெல்லாம் பரவியது. ‘துணி பாய்’ என்று பெயர் வைத்தார்கள். பம்புசெட் வேலைக்கு வேறு ஆட்களைக் கூப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து ஒருநாள் பக்கத்து நிலத்துக்கு அவர் வந்திருந்ததைப் பார்த்தேன். கயிறு பாக்கெட்டைப் பிரிக்காமல் நிலத்துக்காரர் கையில் கொடுத்து, கம்பெனிக் கயிறுதானா என்று பார்க்கச் சொல்லி, பிறகுதான் பிரித்தார். பதினைந்து வருடம் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் எஞ்சினை ஒப்படைத்தவர்கள் இவர்கள். அன்று இரவே பேனாவை எடுத்தேன்.

அதிகாரிக்கு உண்மையை எழுதினேன். அனுமதி ரத்தானது. படகை மேடேற்றிக் கவிழ்த்தேன், மனைவி அதற்குள் கோழிகளை அடைத்தாள். பிறகு சந்தை நாளில், டீக்கடையில் எல்லோர் முன்னிலும் சொன்னேன். யாரும் நம்பவில்லை!

“சாருக்குப் பெரிய மனசுய்யா. பாய் பொழப்பு போவக்கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கினாரு.”

பொய்யை ஒரே மூச்சில் நம்பிய ஊர் உண்மைக்குச் சாட்சி கேட்டது. பாயிடம் ஓடினேன். என் கிணற்றிலேயே செய்து காட்டலாம், வாருங்கள் என்றேன்.

“உங்க வாயால போனது சார். உங்க வாயாலயே கொண்டாங்க. என்னைய எதுக்கு வித்தைக்குக் கூப்புடுறீங்க?”

நானே செய்தேன். அவரைப் போலவே பருத்திக் கயிற்றை முறுக்கி என் பம்பில் திணித்தேன். அதிகமாகக் கேலி பேசிய நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். காலை முழுவதும் சொட்டிக்கொண்டே இறைத்தது. பிறகு அவர்கள் கண்ணெதிரே, அன்று இறுக்கியது போல இறுக்கினேன். கால் மணி நேரத்தில் புகை.

நாலு பேரில் மூத்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “ஏன் சார், சொட்டுன தண்ணி நின்னா வேவும்னு எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கே தெரியும். நீங்க புள்ளைங்களுக்கு இன்னாதான் சொல்லிக் குடுக்கிறீங்க?”

அன்று முதல் நான் ‘டைட்டு வாத்தியார்’. பள்ளிக்கூடத்துச் சுவரிலும் கரியால் எழுதியிருந்தது. ஓய்வு பெறும் வரை அந்தப் பெயர் போகவில்லை. பாயின் கடையில் மறுபடியும் எஞ்சின்கள் வந்து இறங்கின.

ஆனால் என் பம்பு வெந்துபோயிருந்தது, நெல் கதிர் விடும் நேரம். வேறு மெக்கானிக்கைக் கூப்பிட மனம் வரவில்லை. பாயைக் கூப்பிட முகமில்லை. மூன்றாம் நாள் அவரே சைக்கிளில் வந்து இறங்கினார். பேசாமல் கழற்றினார். தண்டைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்தார், மாட்டினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எனக்குக் கோவம் போவல சார். பயிரு காயக்கூடாதுன்னு வந்தேன்.”

அதற்குப் பிறகும் வருடா வருடம் வந்தார். படகுப் பக்கம் மட்டும் திரும்பியே பார்க்கவில்லை. வேலை முடிந்து டீ குடிக்கும்போது நான் கேட்பேன்: “கோவம் இருக்குதா பாய்?” அவர் யோசித்துத்தான் பதில் சொல்வார். “ஜாஸ்தி இல்ல சார். பாதி.” மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது, “கம்மிதான். கால்வாசி.”

இப்போது கடையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் பாய் என்னைப் பார்க்க வந்திருந்தார். இருவருக்கும் சர்க்கரை போடாத டீ. வழக்கம் போலக் கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

“இருக்குது சார்,” என்றார். “ஒரு ஸ்பூனு.”