ரத்தினபாய் டீச்சரும் கடைசி ரீலும்

ரத்தினபாய் டீச்சர் மேற்குத் தாம்பரத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதைப் புத்தகம் எழுதினார். அதில் உப்புக் குதிரை ஏறிக் கடலுக்குள் போய்ப் பூதத்தைக் கொல்பவள் ஒரு நொண்டிப் பெண். கால் சரியாகாமலே ராணியும் ஆகிறாள்.

கோடம்பாக்கத்துக்காரர்கள் அதை வாங்கிப் படமாக்கினார்கள். படத்தில் குதிரை ஏறுகிறவன் இளவரசன். நொண்டி வருகிறவள் சூனியக்காரி. கடைசியில் அவளைத் தீயில் தள்ளுகிறான்.

படம் வந்ததும் தெருப்பிள்ளைகள் டீச்சர் பின்னாலேயே நொண்டி நடந்து, "சூனியக்காரி வர்றா டோய்!" என்று கத்தின. அதில் அவர் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. என் மகள் சாராளும் அப்படி நடந்து என்னிடம் அறை வாங்கினாள்.

அறுபத்தெட்டில் அந்தப் படம் நான் மிஷின் ஓட்டிய டெண்ட் கொட்டகைக்கு வந்தது. சனிக்கிழமை மாலை டீச்சர் நேராக என்னிடம் வந்தார்.

"சுந்தர்சிங், விளம்பரம் சொல்ற மைக் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன்.

எங்களிடம் ஒரே மிஷின். ரீல் மாற்ற விளக்கைப் போட்டே ஆகணும். அதனால் படத்துக்கு மூன்று இடைவேளை. முதல் இடைவேளையில் டீச்சர் எழுந்தார். "இவ்வளவு நேரம் பார்த்தது பொய். என் புத்தகத்துல நடந்தது வேற" என்று ஆரம்பித்தார். அடுத்ததில் முறுக்கு விற்கிறவன் கூடையை இறக்கிவைத்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்றாவதில், நடுக்கடலில் மழை பிடித்துக் குதிரை கரைகிற இடத்தில் கதையை நிறுத்தினார்.

"மீதி படமா, கதையா? நீங்களே சொல்லுங்க."

"கதைதான்! ரீலு வாணாம்!" கொட்டகையே கத்தியது.

படக் கம்பெனி ஆள் ஏசுதாசன் நாற்காலியிலிருந்து ஓடிவந்தான். "இன்னா டீச்சர், பொழப்புல மண்ண வாரிப் போடுறீங்க? சர்ச்சுக்குப் போறவங்கதானே, மன்னிச்சு வுட்டுடக் கூடாதா?"

"மன்னிப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை. இன்னைக்குச் சனி. உட்காருங்க."

கடைசி ரீல் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. "தண்ணிக்குள்ள எது நொண்டிக் காலுன்னு பூதத்துக்குத் தெரியல" என்றார் டீச்சர். அந்தப் பெண் பூதத்தின் காலைப் பிடித்து அடியாழத்துக்கு இழுத்தபோது கூட்டம் விசிலடித்தது.

வெளியே போகும்போதும் பிள்ளைகள் நொண்டித்தான் நடந்தன. "நான்தான் ராணி!" "போடி, நான்தான்!"

"திருப்திதானே, டீச்சர்?" என்றேன்.

"அடுத்து எங்க போகுது இந்தப் படம்?"

"கூடுவாஞ்சேரிக்கு."

மறு சனிக்கிழமை டீச்சர் கூடுவாஞ்சேரிக்கு ரயில் ஏறினார்.