மச்சான் மடித்த இலை

அறுபதுகளில் அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் வாத்தியாராக இருந்தேன். சகுனம் பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

என் மனைவியின் தம்பிக்கு வடக்கே விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு முடிந்து கிளம்பும் நாள், சாப்பிட்டுக்கொண்டே பேசினான்.

"மொத மாடல் பயணிங்களுக்கு மாமா. அடுத்ததுல இன்ஜின் பவரை ஏத்துனோம். இப்ப சரக்கு ஏத்த, வால் பக்கம் பெரிய கதவு வெட்டியிருக்கோம்."

வாழை இலையின் ஓரத்தைக் கிள்ளிக் காட்டினான். கிழிசல் தானாகவே நடு நரம்புவரை ஓடியது.

"அந்தக் கதவைத் தொறந்துவச்சிப் பறந்து பாக்கணும். திங்கக்கெழம நானும் உள்ள இருப்பேன்."

பேச்சு மும்முரத்தில் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனான். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். என் மனைவி பார்த்தாள். முகம் வெளிறி உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் வேறு யாருமில்லை. நான் குனிந்து, மோர் வழிந்த அந்த எச்சில் இலையைப் பிரித்தேன். அவன் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திருப்பி மடித்தேன்.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. எனக்குப் பிரிக்கக் கை வரவில்லை. மனைவிதான் பிரித்தாள். பத்திரமாக இறங்கிவிட்டானாம்.

விமானத்தைத் தாங்கியது கணக்கும் ரிவெட் ஆணியும்தான். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் சகுனத்தைக் கேலி பண்ண வாயெடுத்தால், விரலில் அந்த மோர் பிசுபிசுக்கும்.